இரண்டரை ஆண்டு ஜெபித்தும் குடித்த மருத்துவர்: அக்ரான், 1935

1935 மே 11, சனிக்கிழமை. மறுநாள் அன்னையர் தினம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள அக்ரான் நகரில், ஐம்பத்தைந்து வயது அறுவை மருத்துவர் ஒருவர் மனைவிக்குப் பரிசாக ஒரு பூந்தொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தொட்டி மேசைமேல் இருந்தது. அதை வாங்கி வந்தவர் மாடியில் நினைவில்லாமல் கிடந்தார்.

அவர் பெயர் ராபர்ட் ஹோல்புரூக் ஸ்மித். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) என்ற குடிநோயாளிகளின் மீட்பு இயக்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவராக, உலகம் பின்னால் அவரை 'டாக்டர் பாப்' என்று அறிந்தது. அடுத்த ஒரு மாதத்துக்குள் அவர் தன் வாழ்நாளின் கடைசி மதுவைக் குடித்து முடித்துவிட்டார். அதன்பின் 1950 நவம்பர் 16-இல் இறக்கும்வரை, பதினைந்து ஆண்டுகள், ஒரு சொட்டு தொடவில்லை.

குடியிலிருந்து மீண்டவர்களின் சாட்சிகளை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். "முழங்கால்படியிட்டேன், அன்றைக்கே ஆசை போய்விட்டது" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்தச் சாட்சியைக் கேட்டுக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனைவியையோ தாயையோ நினைத்துப் பாருங்கள். அவர்கள் வீட்டுக்காரரும் ஜெபித்தார், அழுதார், வாக்குக் கொடுத்தார். திங்கட்கிழமை மறுபடி குடித்தார். "எங்கள் விசுவாசத்தில்தான் ஏதோ குறை" என்று அவர்கள் நெஞ்சுக்குள் புழுங்குகிறார்கள். டாக்டர் பாபின் கதையை நான் எடுத்துக்கொண்டது அவர்களுக்காக. இந்த மனிதர் இரண்டரை ஆண்டு ஜெபக்குழுவில் இருந்துகொண்டே குடித்தவர்.

நோயாளியின் பின்புலம்

1879 ஆகஸ்ட் 8-இல் வெர்மான்ட் மாநிலத்தின் செயின்ட் ஜான்ஸ்பரியில் பிறந்தார். அப்பா நீதிபதி. கண்டிப்பான வீடு. ஞாயிறு ஆராதனை, ஞாயிறு பள்ளி, வார நடுவில் ஜெபக்கூட்டம் என்று சிறுவயதில் வற்புறுத்தி அனுப்பப்பட்டதில், பெற்றோரின் பிடியிலிருந்து வெளியே வந்ததும் ஆலய வாசலை மிதிப்பதில்லை என்று முடிவெடுத்தார். அதன்பின் ஏறக்குறைய நாற்பது ஆண்டு அந்த முடிவைக் காப்பாற்றினார். இதைக் குறித்துவைக்க வேண்டும். பக்தியே தெரியாத இடத்திலிருந்து வந்தவரல்ல. பக்தி கசந்துபோய் விலகியவர்.

டார்ட்மத் கல்லூரியில் படிக்கும்போதே குடி தொடங்கியது. மருத்துவம் படிக்கும்போது அது கல்லூரி மாற வேண்டிய அளவுக்குப் போனது. தட்டுத்தடுமாறி 1910-இல் பட்டம் வாங்கினார். 1915-இல் ஆன் ரிப்ளியை மணந்தார். ஆன் அவருக்காகப் பதினேழு ஆண்டு காத்திருந்தவர்.

தன் குடிநாட்களைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். இரண்டு பயங்கள் அவரை ஆட்டிவைத்தன: தூக்கம் வராமல் போய்விடுமோ, சரக்கு தீர்ந்துபோய்விடுமோ. குடிக்கப் பணம் வேண்டும். பணம் வேண்டுமென்றால் கத்தி பிடிக்கும் கை நடுங்கக்கூடாது. அதனால் காலையில் மதுவுக்குப் பதிலாகத் தூக்கமருந்து போட்டு நடுக்கத்தை அடக்கிக்கொண்டு மாலை நான்கு மணிவரை வேலை பார்ப்பார். அதன்பின் குடி. வீட்டில் பாட்டில்களை ஒளித்துவைத்த இடங்களின் பட்டியல் மட்டுமே ஒரு பத்தி நீளும்: நிலக்கரித் தொட்டி, அழுக்குத்துணி விழும் குழாய், கதவு நிலைகளுக்கு மேல், நிலவறை உத்திரங்கள், நிலவறைத் தரையின் விரிசல்கள். நான்கு அவுன்ஸ் குப்பிகளைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்குள் வருவார். கடன் ஏறி வீடு கைவிட்டுப் போகும் நிலை வந்தது.

இந்த விவரங்களைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். இவ்வளவு திட்டமும் கவனமும் விடாமுயற்சியும் உள்ள மனிதரைப் பார்த்து "மனவுறுதி இல்லாதவர்" என்று எப்படிச் சொல்வது? அந்த உறுதி முழுவதையும் குடி தன் வேலைக்கு எடுத்துக்கொண்டது.

ஜெபக்குழுவும் மறைத்த பாட்டிலும்

1933-இன் தொடக்கத்தில், ஃபிராங்க் புக்மன் நடத்திய ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கம் அக்ரானுக்கு வந்தது. அவ்வூர் டயர் முதலாளி ஃபயர்ஸ்டோனின் மகன் அந்தக் குழுவின் வழியாகக் குடியிலிருந்து மீண்டிருந்தார். நன்றிக்கடனாக அப்பா குழுவை ஊருக்கு அழைத்தார். நேர்மை, தூய்மை, தன்னலமின்மை, அன்பு என்ற நான்கையும் முழுமையாகக் கைக்கொள்ளவேண்டும். காலையில் அமைதி நேரம் வேண்டும். பாவத்தை இன்னொருவரிடம் அறிக்கையிடவேண்டும். தீங்கு செய்தவரிடம் போய் ஈடுகட்டவேண்டும். இவை அந்தக் குழுவின் பழக்கங்கள். ஆன் அதில் சேர்ந்தார், கணவரையும் அழைத்துப்போனார்.

டாக்டர் பாப் ஏமாற்றுவதற்காகப் போகவில்லை. வேதத்தைக் கருத்தாகப் படித்தார். கிடைத்த ஆவிக்குரிய நூல்களையெல்லாம் வாசித்தார். கூட்டங்களுக்கு ஒழுங்காகப் போனார். ஆனால் தன் குடியைப் பற்றி மட்டும் அங்கே வாய் திறக்கவில்லை. பாவ அறிக்கையையே உயிராகக் கொண்ட ஒரு குழுவில், தன்னைக் கொன்றுகொண்டிருந்த அந்த ஒன்றைச் சொல்லாமல் இரண்டு ஆண்டுக்கு மேல் உட்கார்ந்திருந்தார்.

1935 வசந்தத்தில் குழுவைச் சேர்ந்த ஹென்ரியெட்டா சைபர்லிங் என்ற பெண்மணிக்கு விஷயம் காதுக்கு எட்டியது. அவர் பாபைத் தனியாக அழைத்துக் கண்டிக்கவில்லை. ஒரு சிறு கூட்டத்தைக் கூட்டினார். வருகிறவர்கள் எல்லாரும், சொல்வதற்கு உள்ளபடியே வலிக்கிற ஒன்றைச் சொல்லவேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். ஒவ்வொருவராகத் தங்கள் குறையைச் சொன்னார்கள். முறை வந்தபோது பாப் சொன்னார்: நான் மறைவாகக் குடிப்பவன், என்னால் நிறுத்த முடியவில்லை. "உமக்காக ஜெபிக்கட்டுமா?" என்று கேட்டார்கள். தரைவிரிப்பில் எல்லாரும் முழங்கால்படியிட்டார்கள்.

அதற்குப் பிறகும் அவர் குடித்தார். பூந்தொட்டியோடு வந்து நினைவில்லாமல் கிடந்தது இந்த ஜெபத்துக்குச் சில வாரங்கள் கழித்துத்தான்.

விடுதி முகப்பில் ஒரு தொலைபேசி

அதே சனிக்கிழமை, அக்ரானின் மேஃபிளவர் விடுதியின் முகப்புக்கூடத்தில் நியூயார்க்கிலிருந்து வந்த பங்குச்சந்தைக்காரர் ஒருவர் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார். பில் வில்சன், வயது முப்பத்தொன்பது. ஐந்து மாதமாகக் குடிக்காதவர். வந்த வணிகக் காரியம் தோற்றுப்போயிருந்தது. கையில் பணமில்லை. கூடத்தின் ஒரு முனையில் மதுக்கூடம். சிரிப்புச் சத்தம் கேட்டது. மறுமுனையில் ஊரிலுள்ள ஆலயங்களின் பட்டியல், பக்கத்தில் தொலைபேசி.

பில் மீண்ட கதையும் ஒரு குடிகார நண்பரிடமிருந்து தொடங்கியதுதான். 1934-இன் இறுதியில் பழைய பள்ளித் தோழர் எபி தாச்சர் தெளிந்த முகத்தோடு வீட்டுக்கு வந்து, ஆக்ஸ்ஃபோர்டு குழுவின் வழியாகத் தான் மீண்டதைச் சொல்லிப்போனார். டிசம்பரில் நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில் கிடந்தபோது பில் கடவுளை நோக்கிக் கதறினார். அறை முழுவதும் ஒளி நிறைந்ததாக உணர்ந்தார். அந்த நாளிலிருந்து அவர் குடிக்கவில்லை.

ஆனால் அடுத்த ஐந்து மாதத்தில் அவர் ஓடி ஓடிப் பேசிய எந்தக் குடிகாரரும் திருந்தவில்லை. மனைவி லோயிஸ்தான் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார்: அவர்கள் குடிக்கிறார்கள், சரி, நீங்கள் குடிக்கவில்லையே. மருத்துவர் வில்லியம் சில்க்வர்த் இன்னொன்றைச் சொன்னார்: உங்கள் ஒளி அனுபவத்தைப் பிரசங்கிப்பதை நிறுத்துங்கள், முதலில் இந்த நோய் எப்படிப்பட்டது என்று சொல்லுங்கள்.

விடுதி முகப்பில் நின்றபோது பில்லுக்குப் புரிந்தது, இன்னொரு குடிகாரரைக் கண்டுபிடிக்காவிட்டால் தான் மதுக்கூடத்துக்குள் போய்விடுவோம் என்று. பட்டியலிலிருந்து ஒரு போதகரைத் தேர்ந்து அழைத்தார். வால்டர் டங்க்ஸ் என்ற அந்த எபிஸ்கோப்பல் போதகர் சில பெயர்களைக் கொடுத்தார். ஒவ்வொருவராக அழைத்து, கடைசியில் ஹென்ரியெட்டா சைபர்லிங்கிடம் போய்ச் சேர்ந்தார். முன்பின் அறியாத ஒரு ஆண்குரல், தான் ஆக்ஸ்ஃபோர்டு குழுவைச் சேர்ந்த ஒரு குடிகாரன், நியூயார்க்கிலிருந்து வந்திருக்கிறேன் என்கிறது. வேறு யாராயிருந்தாலும் தொலைபேசியை வைத்திருப்பார்கள். ஹென்ரியெட்டாவோ, பாபுக்காகச் செய்த ஜெபத்துக்கு வந்த பதில் இது என்றே எடுத்துக்கொண்டார்.

பதினைந்து நிமிடம் என்று சொல்லி வந்தவர்

மே 12, ஞாயிறு மாலை ஐந்து மணி. ஹென்ரியெட்டா குடியிருந்த ஸ்டான் ஹைவெட் மாளிகையின் வாயில்வீட்டுக்கு ஆன் கணவரை அழைத்துவந்தார். பாபுக்குக் கை நடுங்கியது, சாப்பாட்டைத் தொட முடியவில்லை. பதினைந்து நிமிடத்துக்குமேல் இருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். இருவரும் ஒரு சிறு அறைக்குள் போனார்கள். வெளியே வரும்போது பதினொரு மணி தாண்டியிருந்தது.

உள்ளே என்ன நடந்தது? பாப் மருத்துவர், குடியின் உடற்கூறு பற்றி பில் அவருக்குக் கற்றுக்கொடுக்க ஏதுமில்லை. வேதத்திலும் பாப்தான் அதிகம் படித்தவர். பில் செய்தது தன் கதையைச் சொன்னது. ஒளித்த பாட்டில், பொய், காலை நடுக்கம், உடைத்த வாக்கு. கூடவே ஒன்றைத் தெளிவாக்கினார்: நான் உங்களைத் திருத்த வரவில்லை, நான் குடிக்காமலிருக்க நீங்கள் எனக்குத் தேவை.

தன்னிடம் பேசிய மனிதர்களிலேயே, குடியைச் சொந்த அனுபவத்தில் அறிந்து பேசிய முதல் ஆள் இவர்தான் என்று பாப் பின்னால் எழுதினார். தன் மொழியிலேயே பேசியதாகவும் சொன்னார். அதுவரை அவருக்குக் கிடைத்ததெல்லாம் நல்லவர்கள் மேலிருந்து நீட்டிய கை. அன்பான கைதான். ஆனால் அதைப் பிடிக்கும்போதெல்லாம் தான் கீழே கிடப்பது அவருக்கு நினைவுக்கு வந்திருக்கும். அன்று மாலை ஒருவர் அவர் கிடந்த இடத்துக்கே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இந்த நிகழ்வின் மையம் இந்த அறைதான் என்பது என் கணிப்பு.

சறுக்கலும் கடைசி பாட்டிலும்

இங்கேயும் கதை நேராகப் போகவில்லை. ஆன் பில்லைத் தங்கள் வீட்டிலேயே வந்து தங்கச் சொன்னார். 855 ஆர்ட்மோர் அவென்யூ என்ற அந்த வீட்டில் பில் அந்தக் கோடை முழுவதும் இருந்தார். சில வாரம் தெளிவாக இருந்த பாப், அட்லாண்டிக் சிட்டியில் நடந்த மருத்துவச் சங்க மாநாட்டுக்குப் போகவேண்டும் என்றார். ரயிலிலேயே குடிக்கத் தொடங்கிவிட்டார். நாட்கணக்கில் ஆள் எங்கே என்று தெரியவில்லை.

திரும்பி வந்தபோது அவருக்கு ஓர் அறுவை சிகிச்சை காத்திருந்தது. ஆனும் பில்லும் இரவுபகலாக அவரைத் தேற்றினார்கள். தக்காளியும் சோளப்பாகும் ஊட்டினார்கள் என்று அந்த நாட்களைப் பற்றிய நினைவுகளில் வருகிறது. அறுவை நாள் காலையில் கை நடுக்கம் நிற்க பில் அவருக்கு ஒரு பாட்டில் பீர் கொடுத்தார். அதுதான் கடைசி. ஏ.ஏ. இயக்கம் அந்த நாளை 1935 ஜூன் 10 என்று கொண்டாடுகிறது. மாநாட்டுத் தேதிகளை வைத்துப் பார்த்தால் ஒரு வாரம் தள்ளியிருக்கலாம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு.

அறுவை முடிந்தும் பாப் வீடு திரும்பவில்லை. மணிக்கணக்கில் காணோம். மறுபடி குடிக்கப் போய்விட்டார் என்றுதான் வீட்டில் பயந்திருப்பார்கள். அவரோ தன் கடன்காரர்களையும் தன்னால் புண்பட்டவர்களையும் வீடு வீடாகத் தேடிப்போய், தன் நோயைச் சொல்லி, ஈடுசெய்வதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்டு வாயைத் திறக்காதவர், ஒரே மதியத்தில் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

மருத்துவ ரீதியாக இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். நாள்பட்டுக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம், நான்காம் நாட்களில் சித்தப்பிரமையும் காய்ச்சலும் கடும் நடுக்கமும் சேர்ந்து வந்து உயிரையே எடுக்கலாம். பில் கொடுத்த பீர் 1935-இன் கைவைத்தியம். இன்றைக்கு அதற்கு மருத்துவமனை இருக்கிறது, முறையான மருந்துகள் இருக்கின்றன, தயமின் (வைட்டமின் பி1) ஊசி இருக்கிறது. குடிவேட்கையைத் தணிக்கும் நால்ட்ரெக்ஸோன் போன்ற மாத்திரைகளும் வந்துவிட்டன. "விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு" என்று ஒரு குடிநோயாளியிடம் யாராவது சொன்னால், அவர்கள் ஒரு உயிரோடு விளையாடுகிறார்கள். இந்த நிகழ்வின் நாயகரே ஒரு மருத்துவர்.

வேட்கையும் அவரை உடனே விட்டுவிடவில்லை. குடியை நிறுத்திய பிறகும் ஏறக்குறைய இரண்டரை ஆண்டு குடிக்கவேண்டும் என்ற ஆசை தன்னை விடாமல் துரத்தியதாக அவரே பதிவுசெய்திருக்கிறார். ஆசை போனதால் நிறுத்தியவரல்ல இவர். ஆசை இருக்கும்போதே ஒவ்வொரு நாளாக நிறுத்தியவர்.

ஆன் வாசித்த நிருபம்

இந்தக் கதையை இரண்டு ஆண்களின் கதையாகச் சொல்லிவிடுவது வழக்கம். அது நியாயமில்லை. ஹென்ரியெட்டா தொலைபேசியை வைத்திருந்தால் கதையே இல்லை. ஆன் அந்நியரை வீட்டுக்குள் விடாதிருந்தால், ஜூன் மாதச் சறுக்கலோடு எல்லாம் முடிந்திருக்கும்.

ஆர்ட்மோர் அவென்யூ வீட்டில் காலை ஆன் வேதத்தை வாசிப்பார். பிறகு மூவரும் அமைதியாக இருப்பார்கள். மலைப்பிரசங்கம், 1 கொரிந்தியர் 13, யாக்கோபு நிருபம் ஆகியவை அவர்களுக்கு இன்றியமையாதவை. யாக்கோபு ஆனுக்கு மிகவும் பிடித்தது. பின்னால் இயக்கத்துக்குப் பெயர் தேடியபோது யாக்கோபின் பெயரையே வைக்கலாம் என்றுகூட சிலர் சொன்னார்கள். "கிரியைகளில்லாத விசுவாசமும் செத்ததாயிருக்கிறது" என்ற வசனத்தை நாம் பொதுவாக தானதர்மத்தோடு சேர்த்துப் படிக்கிறோம். அந்த வீட்டில் அதற்கு வேறு அவசரம் இருந்தது. இன்று இன்னொரு குடிகாரரைத் தேடிப் போகாவிட்டால் நாளை நாமே குடிப்போம் என்று அவர்கள் அதை வாசித்தார்கள். "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்ற ஐந்தாம் அதிகாரத்து வசனமும் அப்படியே. 'ஒருவருக்கொருவர்' என்ற சொல்லில் மேலே ஒருவர், கீழே ஒருவர் இல்லை.

1948-இல் ஓர் உரையில் பாப் தன் முதல் இரண்டரை ஆண்டுத் தோல்வியை இப்படி விளக்கினார்: ஆவிக்குரிய வழியைப் பஞ்சுபோல உறிஞ்சி எனக்குள்ளேயே வைத்துக்கொண்டால் அதுவும் மற்ற வழிகளைப் போலப் பயனற்றதுதான். அவர் படித்த வேதம் பொய்க்கவில்லை, ஜெபம் வீண்போகவில்லை. அது வெளியே போக வழியில்லாமல் அவருக்குள்ளேயே தேங்கிக்கிடந்தது.

அதனால்தான் இருவரும் உடனே ஆள் தேடினார்கள். முதலில் முயன்ற ஆள் கைகூடவில்லை. பிறகு அக்ரான் சிட்டி மருத்துவமனையில், இரண்டு செவிலியரை அடித்துவிட்டுக் கட்டிப்போடப்பட்டிருந்த ஒரு வழக்கறிஞரின் கட்டிலருகே போய் உட்கார்ந்தார்கள். அவர் ஆலயத்துக்குப் போகிறவர், கடவுள் நம்பிக்கை உள்ளவர். ஆனால் கடவுளுக்குத் தன்மேல் இனி நம்பிக்கை இருக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தவர். ஜூலை 4-இல் அவர் தெளிந்து வெளியே வந்தார், பிறகு குடிக்கவே இல்லை. 1937 இறுதியில் இருவரும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது அக்ரானிலும் நியூயார்க்கிலுமாக நாற்பது பேர்வரை தெளிந்திருந்தார்கள். எத்தனையோ பேர் வந்து போய்விட்டிருந்தார்கள் என்பதும் உண்மை.

இந்த நிகழ்வை எவ்வளவு தூரம் நம்பலாம்

ஒரு மனிதரின் கதையை வைத்து எல்லாருக்கும் விதி எழுத முடியாது. ஆனால் இதன் வழித்தோன்றலான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிற்காலத்தில் முறையாகச் சோதிக்கப்பட்டிருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட மறுஆய்வு, 10,565 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. நோயாளியை ஏ.ஏ. குழுக்களோடு இணைத்துவிடும் ஒழுங்குபடுத்தப்பட்ட சிகிச்சை, முழுமையாகக் குடிக்காமல் இருப்பதில், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் பேச்சுச் சிகிச்சை) போன்ற பிற முறைகளைவிட மேலாக இருந்தது. வேறு அளவுகோல்களில் ஏறக்குறைய சமமாக இருந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்று தேடிய ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சுட்டுவது, பழகும் ஆட்கள் மாறுவதைத்தான். குடிக்கும் நண்பர்கள் குறைந்து, குடிக்காத நண்பர்கள் கூடுகிறார்கள்.

இன்னொரு கேள்வி விசுவாசிகளிடமிருந்து வரும். 1939-இல் இயக்கம் ஆக்ஸ்ஃபோர்டு குழுவிலிருந்து முற்றாகப் பிரிந்தது. "நாங்கள் புரிந்துகொண்ட வகையில் கடவுள்" என்று தன் மீட்பு வழிமுறையான பன்னிரண்டு படிகளில் எழுதியது. அப்படியானால் இது கிறிஸ்தவச் சாட்சியா? கிறிஸ்துவின் பெயரை வெளிப்படையாகச் சொல்லியே மீட்புக் குழு வேண்டும் என்றவர்கள் 1991-இல் கலிஃபோர்னியாவின் சாடில்பேக் சபையில் செலிபிரேட் ரிகவரி என்ற ஊழியத்தைத் தொடங்கினார்கள். இரண்டும் இருப்பது நல்லது என்பேன். என் கவலை வேறு. எந்தக் குழுவாயிருந்தாலும், "நேற்று இரவு குடித்துவிட்டேன்" என்று ஒருவர் எழுந்து சொன்னால், அந்த அறையில் என்ன நடக்கிறது? எத்தனை சபைகளில் அதைச் சொல்ல இடமிருக்கிறது? விடுதலை பெற்றவருக்கு மேடை கொடுக்கிறோம். பாதிவழியில் நிற்பவருக்கு நாற்காலிகூட இல்லை. பாப் இரண்டு ஆண்டு மௌனமாக இருந்தது கேட்ட காதுகள் கெட்டவை என்பதால் அல்ல. அங்கே தன்னைப் போல் ஒருவரும் வாய் திறக்காததால்.

பூக்கள் வைக்கும் அறை

1939 ஆகஸ்டில் பாப் ஒரு குடிநோயாளியை அக்ரானின் செயின்ட் தாமஸ் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அன்று பெரும்பாலான மருத்துவமனைகள் குடிகாரர்களைச் சேர்ப்பதில்லை. சேர்க்கைப் பிரிவில் இருந்தவர் சகோதரி இக்னேஷியா என்ற கத்தோலிக்கக் கன்னியர். கடும் இரைப்பை அழற்சி என்று பதிவேட்டில் எழுதி அந்த ஆளை உள்ளே எடுத்தார். தனியறை இல்லை; நோயாளிகளுக்கு வரும் பூக்களை அடுக்கிவைக்கும் சிறு அறைக்குள் கட்டில் தள்ளப்பட்டது. அங்கிருந்து தொடங்கி, 1950 வரை பாப் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குடிநோயாளிகளைப் பார்த்தார். யாரிடமும் கட்டணம் வாங்கவில்லை.

குணமாகி வெளியே போகும் ஒவ்வொருவர் கையிலும் சகோதரி இக்னேஷியா இயேசுவின் திருஇருதயம் பதித்த ஒரு சின்னத்தைக் கொடுப்பார். குடிக்கவே மாட்டேன் என்று சத்தியம் வாங்கமாட்டார். அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: மறுபடி குடிக்கவேண்டும் என்று தோன்றினால், முதல் மடக்குக்கு முன்னால் இதைக் கொண்டுவந்து என் கையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.